நாட்டிய வகுப்பிலிருந்து வந்த பயிற்சி

பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ஒருவரைப் பிசியோதெரபிஸ்ட் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறார். பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடி, அதையே மனதுக்குள் செய்யச் சொல்கிறார். எடை குதிகாலில் இறங்குகிறதா, விரல்களிலா? இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது? பல சிகிச்சை மையங்களில் இன்று பழகிப்போன இந்த இரண்டாம் பாதி ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல.

ஆஸ்பத்திரி முதலில் நம்பியது கண்ணை. 1840களில் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் விவரித்த தண்டுவட நோயாளிகள், கண்ணை மூடியதுமே தள்ளாடினார்கள். கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வே அவர்களுக்குப் போயிருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் ஹைடன் ஊரில் ஹைன்ரிக் ஃப்ரெங்கல் அந்தக் குறையைப் பார்வையால் ஈடுகட்டினார். தரையில் வரைந்த பாதத் தடங்களைப் பார்த்துப் பார்த்து அடி வைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பிசியோதெரபி மாணவர்களும் ‘ஃப்ரெங்கல் பயிற்சி’ படிக்கிறார்கள்.

மனக்காட்சி வந்த வழி வேறு.

அமெரிக்காவின் மேபல் டாட் விபத்தில் அடிபட்டு, இனி நடப்பதே சந்தேகம் என்ற நிலைக்குப் போனவர். எலும்புகள் எடையை எப்படித் தாங்குகின்றன என்று படித்து, அதை மனதில் ஓடவிட்டே நடையை மீட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கற்பித்தார். 1937இல் ‘தி திங்கிங் பாடி’ நூலை வெளியிட்டார். அவருடைய மாணவி லூலு ஸ்வைகார்ட், 1956 முதல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் நடனக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் வகுப்பில் ஆட்டமே இருக்காது. முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, கைகளை மார்பின்மேல் குறுக்காகப் போட்டு மல்லாந்து படுக்க வேண்டும். உடம்பை ஆளில்லாத வெறும் உடுப்பாக நினைக்க வேண்டும். கால்சட்டை முழங்கால் மடிப்பில் ஹேங்கரில் தொங்குகிறது. அதன் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. தசையை வலிந்து அசைக்கக் கூடாது. இதற்கு ஐடியோகைனசிஸ் என்று பெயர்.

1985இல் அமெரிக்காவின் ‘பிசிகல் தெரபி’ இதழில் ஃபான்ஸ்லர், பாஃப், ஷெப்பர்ட் ஆகியோரின் ஆய்வு வெளியானது. ஒற்றைக் காலில் நிற்கப் பழகிய வயதான பெண்களில் ஒரு பிரிவினருக்கு இந்த முறையையும் சேர்த்துக் கொடுத்து, மற்றப் பிரிவினரோடு ஒப்பிட்டார்கள். நடனக்காரர்களின் வழி இப்படித்தான் சிகிச்சை அறைக்குள் வந்தது.

உடலியங்கியல் ஆதாரமும் பின்னாலேயே வந்தது. 1991இல் ழான் டெசெட்டி குழுவினர் பிரான்சில், ட்ரெட்மில்லில் நடப்பதாக நினைத்தாலே இதயத் துடிப்பும் மூச்சும் கூடுவதை அளந்தார்கள். நினைப்பில் வேகம் ஏற ஏற அவையும் ஏறின.

விழுந்துவிடுவோம் என்று நடுங்குபவருக்கு, விழாமலே பழக இது வழி. ஆனால் நின்று பழகுவதற்கு இது மாற்றாகாது. எல்லோருக்கும் கைகொடுக்கவும் கொடுக்காது. மூளையின் உச்சிப் பகுதியான பரைட்டல் மடல் பழுதானவர்களுக்கு, அசைவை நினைத்துப் பார்க்க ஆகும் நேரமும் செய்ய ஆகும் நேரமும் ஒத்துப்போவதில்லை என்று 1996இல் தெரியவந்தது. அதனால் சில பிசியோதெரபிஸ்டுகள் முதலில் ஸ்டாப்வாட்சை எடுக்கிறார்கள்: நிஜமாகப் பத்து அடி நடக்க எத்தனை விநாடி, மனதில் நடக்க எத்தனை விநாடி என்று பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.