நீர்ச்சறுக்குப் படகு எஞ்சின்: உதிரிபாகத் தேர்வு
அமெரிக்காவின் பழைய நீர்ச்சறுக்குப் படகுகள் பலவற்றில் இருப்பது கார் எஞ்சினின் மறுவடிவமே. 1969 மாடல் கார்களில் அறிமுகமான ஃபோர்டு 351 விண்ட்சர் (5.8 லிட்டர், வி8) அவற்றுள் புகழ்பெற்றது. புதுப்பிப்போருக்கு மலிவான கார் பாகங்களையே மாட்டிவிடலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். கார் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றிலிருந்து ஒரு தீப்பொறி வெளியேறினால் படகே வெடித்துவிடக்கூடும். படகுக்கென்றே செய்த பாகங்கள் அப்பொறியை உள்ளேயே அடக்குபவை. கார்புரேட்டரும் அப்படித்தான்: பொங்கி வழியும் பெட்ரோலை வெளியே விடாமல் எஞ்சினுக்குள்ளேயே அனுப்ப வேண்டும். அதன்மேல் கார் காற்று வடிகட்டிக்குப் பதில் சுடர்த்தடுப்பான் அமையும். சில படகுகளின் எஞ்சின் கார் எஞ்சினுக்கு எதிர்த்திசையில் சுழலும். அவற்றுக்கு ஸ்டார்ட்டர், கேம்ஷாஃப்ட், கிராங்க் சீல் எல்லாமே வேறு. வாங்குமுன் சுழல்திசையை உறுதிசெய்துகொள்ளுங்கள்.