தப்பு ஸ்பீக்கர் மேல இல்லை, சார்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ரோலிங் மில் ஒன்றில் ஷிப்ட் வேலை. இருபது வருட சர்வீஸ். நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தால், குளித்துவிட்டு அரை மணி நேரம் இளையராஜா பாட்டு. அப்புறம்தான் தூக்கம்.

ஒருநாள் போனில் புலம்பினார். "மூணாவது ஸ்பீக்கர் செட் மாத்திட்டேன் சார். எதுலயுமே அந்தப் பழைய இனிமை இல்ல. புல்லாங்குழல் வர்ற இடமே தெரியல. எல்லாரும் ஏமாத்துறாங்க!"

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்: "முதல்ல சத்தத்தைக் குறைங்க... பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது!"

தப்பு எங்கே? ஸ்பீக்கரிலா? இதற்குப் பதில் தேட, நாம் முந்நூறு வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும், வாருங்கள்!

1700-களின் தொடக்கம். இத்தாலியில் ராமஸினி என்று ஒரு மருத்துவர். நோயாளியிடம் 'என்ன சாப்பிட்டாய், எங்கே வலிக்கிறது' என்று கேட்டால் மட்டும் போதாது, 'என்ன வேலை செய்கிறாய்?' என்றும் கேளுங்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொன்னவர். தொழிலாளிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் வெனிஸ் நகரத்துச் செம்புப் பாத்திரக்காரர்களும் வருகிறார்கள். நாள் முழுக்க டங்... டங்... என்று சுத்தியல் அடி. முதலில் காது மந்தமாகும், வயதானால் சுத்தமாகக் கேட்காது என்று எழுதி வைத்தார்.

அடுத்து 1886, கிளாஸ்கோ. ஊரெல்லாம் பாய்லர் பட்டறைகள். ஒரு ஆள் பாய்லருக்கு உள்ளே உட்கார்ந்து ஆணியைப் பிடித்துக்கொள்ள, வெளியே சுத்தியலால் அடிப்பார்கள். உள்ளே இருப்பவர் கதியை யோசித்துப் பாருங்கள்! தாமஸ் பார் என்ற காது டாக்டர், நூறு பாய்லர் தொழிலாளர்களின் காதருகே கைக்கடிகாரத்தை... மன்னிக்கவும், அப்போது கைக்கடிகாரம் அபூர்வம்... பாக்கெட் கடிகாரத்தைப் பிடித்து 'டிக் டிக்' கேட்கிறதா என்று பார்த்தார். பெரும்பாலானவர்களுக்குக் காது பழுது. ஒரு பொதுக்கூட்டத்தில் போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்கக்கூட முடியாத நிலை. இந்த நோய்க்கே 'பாய்லர்காரர் காது' என்று பெயர் வந்துவிட்டது.

சரி, நண்பருக்குக் குறிப்பாகப் புல்லாங்குழல் மட்டும் ஏன் மறைய வேண்டும்?

நம் உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு குழல். அதற்குள் மெல்லிய ரோமம் போன்ற நுனிகளுடன் ஆயிரக்கணக்கான செல்கள். மெஷின் இரைச்சல் முதலில் அடித்துச் சாய்ப்பது, 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உச்ச ஒலிகளை வாங்கும் செல்களை. புல்லாங்குழலின் கூர்மை, வயலினின் மினுக்கு, பாடகர் சொல்லும் 'ச', 'ஸ' எழுத்துகளின் துல்லியம் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. டிரம்ஸ் நன்றாகக் கேட்கும். 'காது நல்லாத்தானே இருக்கு' என்று நாமும் நம்பிவிடுவோம்.

பீத்தோவனுக்கும் முதலில் போனது உச்ச ஸ்தாயிதான். காரணம் மெஷின் சத்தம் இல்லை. அது என்ன என்பதில் இன்றும் விவாதம் நடக்கிறது. 1801-ல், முப்பது வயதில், டாக்டர் நண்பருக்குக் கடிதம் எழுதினார். நாடக அரங்கில் வாத்தியக்காரர்களை ஒட்டி உட்கார வேண்டியிருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் உச்ச ஸ்வரங்கள் காதில் விழுவதில்லை என்று!

நான் பி.காம். படித்தவன். மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். தேய்ந்தால் புதுசு வாங்கலாம். காதின் தேய்மானம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. செத்துப்போன அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதும் இல்லை.

இன்னொரு சங்கதி. எட்டு மணி நேர இரைச்சலுக்குப் பிறகு காது சில மணி நேரம் தற்காலிகமாக மரத்துப்போகும். அந்த நேரத்தில் பாட்டைப் போட்டால் கை தானாக வால்யூமை ஏற்றும். தூங்கி எழுந்து அதே அளவில் போட்டால் அலறும்! காய்ச்சல் வந்தால் வாய் கசக்கிறது. அதற்காக ரசத்தையா குறை சொல்வோம்?

நம் தொழிற்சாலை விதிகள் வகுத்த கணக்கு இது: 90 டெசிபல் என்றால் 8 மணி நேரம். 95 என்றால் 4 மணி. 100 என்றால் 2 மணிதான். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. அதாவது, இது 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிற சமாசாரம் இல்லை, வேலை கொடுத்த நோய். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் நீங்கள் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அந்த இடம் உங்கள் காதுக்கு ஆகாது.

நண்பரை ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். பரிசோதனை எடுத்தார்கள். வரைபடத்தில் 4,000-க்கு நேராக ஒரு பள்ளம்!

இப்போது அவர் காதடைப்பான் இல்லாமல் மில்லுக்குள் போவதில்லை. பாட்டைத் தூங்கி எழுந்த பிறகு, சாயங்காலம், சத்தம் குறைத்துக் கேட்கிறார். பழைய புல்லாங்குழல் திரும்பி வரவில்லை. அது வராது. "பாட்டு அப்படியேதான் சார் இருக்கு. நான்தான் அதுல பாதியை மில்லுலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கு முழுசாக இருந்தால்... இன்றைக்கே அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்!