அனுமதி எண் எங்கே?

நண்பர்களே, 'ஹோர்டிங்' என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு முதலில் விளம்பரப் பலகை என்ற பொருள் கிடையாது. இங்கிலாந்தில் கட்டடம் கட்டும் இடத்தைச் சுற்றி அடைத்த பலகைத் தட்டிக்குத்தான் அந்தப் பெயர். தட்டி காலியாக நின்றால் யாராவது நோட்டீஸ் ஒட்டாமல் விடுவார்களா? ஒட்டினார்கள். நாளடைவில் தட்டியின் பெயர் விளம்பரத்துக்கே ஆகிவிட்டது. யாரைக் கேட்டு ஒட்டினாய் என்ற கேள்வியும் அன்றே பிறந்திருக்க வேண்டும். நம் சென்னையில் அந்தக் கேள்வி நடந்து வந்த பாதையைத்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

சென்னை மாநகராட்சிக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. நெடுங்காலம் அதை வைத்துத்தான் நகர நிர்வாகம் நடந்தது. விளம்பரங்களுக்கு வரி வாங்கவும் அதில் இடம் இருந்தது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-இல் தனியாக ஒரு சட்டமும் வந்தது. கண்ட சுவரில் எழுதுவது, சுவரொட்டி ஒட்டுவது எல்லாம் அதன்படி குற்றம். சட்டம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சுவர்களின் நிலை உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலத்துப் பலகைகள் கையால் வரைந்தவை. சாரம் கட்டி, ஏணி போட்டு, ஓவியர்கள் நாள்கணக்கில் வரைவார்கள். 1957-இல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னையில் வைத்த சிவாஜியின் பிரம்மாண்ட கட்-அவுட் பற்றி இன்றும் பேசுகிறார்கள். பிறகு அரசியல் தலைவர்களும் அந்த உயரத்துக்கு வந்தார்கள். அண்ணா மேம்பாலம் 1973-இல் திறந்த பிறகு, ஜெமினி பக்கம் போனால் வானத்தைவிட விளம்பரம்தான் அதிகம் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பேருந்தின் ஜன்னலோரம் அது ஒரு வாசிப்புப் பாடம் என்பதையும் ஆசிரியனாக நான் மறுக்க மாட்டேன்.

நூற்றாண்டின் கடைசியில் பலகைகள் எல்லை மீறின. மாநகராட்சிச் சட்டத்தில் ஹோர்டிங்குகளுக்கென்றே புதுப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். 2003-இல் விரிவான விதிகள் வந்தன. உரிமம் இல்லாமல் பலகை வைக்கக் கூடாது. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். போக்குவரத்துப் போலீசின் ஆட்சேபனையின்மைச் சான்று வேண்டும். பள்ளி, கல்லூரி, வழிபாட்டுத் தலம், உள்நோயாளிகள் இருக்கும் மருத்துவமனை இவற்றின் முன்னால் வைக்கக் கூடாது. சாலைச் சந்திப்பின் இரு புறமும் 100 மீட்டர் தூரத்துக்கு வைக்கக் கூடாது. படித்தாலே தெரியும், இது அழகுக்காக மட்டும் எழுதியது அல்ல. வண்டி ஓட்டுகிறவன் சாலையைப் பார்க்க வேண்டிய இடத்தில் சோப்பு விளம்பரத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக எழுதியது.

விளம்பர நிறுவனங்கள் வழக்குப் போட்டன. எங்கள் தொழிலைத் தடுக்கிறார்கள், எங்கள் சொந்த இடத்தில் வைப்பதற்கும் அனுமதியா என்று வாதாடின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2008-இல் விதிகள் செல்லும் என்று தீர்ப்பானது. அதன் பிறகு சென்னையில் இரும்புச் சட்டங்களை வெட்டி இறக்கினார்கள். அண்ணா சாலையில் பல காலமாக மறைந்து கிடந்த கட்டடங்கள் வெளியே தெரிந்தன. அடுத்த ஆண்டு சில சாலைகளில் சுவரொட்டிகளையும் தடுத்து, அந்தச் சுவர்களில் மாநகராட்சியே தமிழ்நாட்டுக் கலை, பண்பாட்டுக் காட்சிகளை வரைய வைத்தது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதற்குள் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது.

கையால் வரைந்த பலகைக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும். ஃபிளெக்ஸுக்கு ஒரு புகைப்படமும் ஒரு ராத்திரியும் போதும். காதுகுத்து, கல்யாணம், பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, தலைவர் வருகை எல்லாவற்றுக்கும் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினார்கள். வரைந்து பிழைத்த ஓவியர்கள் வேலை இழந்தது தனிச் சோகம். 2003 விதிகள் நிலையான பலகைகளை மனத்தில் வைத்து எழுதியவை. நாலு நாள் நிற்கும் பேனருக்காக 2011-இல் தனி விதிகள் செய்தார்கள். அதிலும் முன் அனுமதி உண்டு, கட்டணம் உண்டு, கெடு உண்டு. அனுமதி எண்ணையும் தேதியையும் அச்சிட்டவர் பெயரையும் பேனரின் அடியிலேயே போட வேண்டும்.

நீங்கள் சொல்லுங்கள், அப்படி எண் போட்ட பேனரை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 2008-இல் இறங்கியது வியாபாரிகளின் பலகை. அவர்களிடம் அலுவலகம் இருந்தது, கணக்கு இருந்தது, நோட்டீஸ் அனுப்ப முகவரி இருந்தது. பேனர் கட்டுகிறவர் பெரும்பாலும் வட்டம், மாவட்டம் என்று பதவி உள்ளவர், அல்லது அப்படிப்பட்டவருக்கு வேண்டியவர். அவர் அனுமதி கேட்பதே இல்லை. கேட்காதவரைக் கேட்கும் துணிச்சல் கீழ்நிலை ஊழியருக்கு எங்கிருந்து வரும்? தனி மனிதராக டிராஃபிக் ராமசாமி தம் கையாலேயே பேனர்களைக் கிழித்தார், வழக்குமேல் வழக்குப் போட்டார். 2021-இல் மறையும் வரை அவர் ஓயவில்லை.

2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். அடுத்த மாதமே கோவை அவிநாசி சாலையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்கு அலங்கார வளைவு நட்டிருந்த இடத்தில், இருசக்கர வாகனத்தில் வந்த ஓர் இளைஞர் இறந்தார். வளைவு காரணமா, லாரி காரணமா என்று சர்ச்சை நடந்தது. அவரைக் கொன்றது யார் என்று சாலையிலேயே பெயின்டால் எழுதிக் கேட்டார்கள்.

2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில், ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவே கட்டிய பேனர் ஒன்று, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மீது விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பேனருக்கு அனுமதி இல்லை. சட்டம் இருந்தது, விதி இருந்தது, தீர்ப்பு இருந்தது. பெற்றவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அதன் பிறகு கட்சிகளும் நடிகர்களும் தொண்டர்களிடம் பேனர் வேண்டாம் என்றார்கள். அடுத்த மாதம் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரம் வந்தபோது, வரவேற்புப் பேனர் வைக்க அரசே உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டது. அரசுக்கு நீதிமன்ற அனுமதி தேவையில்லை, விதிப்படி வையுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. விதியைப் போட்டவர்களே விதிக்குப் பயந்த அந்தச் சில வாரங்களில் ஊர் சுத்தமாக இருந்தது.

இது பேனரோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே, பலமான காற்றில் ராட்சத விளம்பரச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே 13-இல் மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது ஒரு பலகை விழுந்து 17 பேர் இறந்தார்கள். அங்கே மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40-க்கு 40 அடி. விழுந்தது 120-க்கு 120 அடி. இடம் ரயில்வே போலீசுடையது, அனுமதியும் அவர்கள் வழியாகத்தான். மாநகராட்சியோ எங்கள் அனுமதி இல்லை என்றது. அனுமதி தர இரண்டு கை இருந்தால், பொறுப்பேற்க ஒரு கையும் நீளாது.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு விளம்பர வரி போய்விட்டது. உரிமக் கட்டணம் மட்டும் மிச்சம். 2023-இல் வந்த புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் உரிமம் தரும் பொறுப்பு ஆணையர்களிடம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் நமக்குப் பஞ்சம் ஒருநாளும் விதிக்கு இருந்ததில்லை.

அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை நண்பர்களே. இது விழுந்தால் நான் பதில் சொல்வேன் என்று ஒருவர் போடும் கையெழுத்து அது. அடுத்த முறை உங்கள் தெருமுனையில் பேனர் முளைத்தால், மேலே சிரிக்கும் முகங்களை விட்டுவிட்டு அடியில் பாருங்கள். எண் இல்லை என்றால் படம் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புங்கள். அது நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பேனராக இருந்தாலும் சரி.