இறுவட்டுக் கருவியின் உள்ளே



புதிய இசைக்கருவி ஒன்றை விலை கொடுத்து வாங்கி வந்து, அதன் மூடியைக் கழற்றி, உள்ளேயுள்ள உறுப்புக்களை ஈயம் உருக்கி எடுத்துவிட்டு வேறு உறுப்புக்களைப் பொருத்துவோர் உலகில் உளர் என்றால் உங்களுட் சிலர் நகைக்கக்கூடும். நானும் ஒருகாலத்தில் நகைத்தவனே. நான் கலைப் பட்டதாரி; இலத்திரனியலை முறையாகக் கற்றவன் அல்லேன். ஆயினும் எமது பாடசாலையில் நேர்ந்த சிறு நிகழ்ச்சியொன்று என்னை இந்த வரலாற்றினுள் இழுத்துவிட்டது. நிகழ்ச்சியைப் பின்னர் கூறுகின்றேன். வரலாறு முன்னே வரட்டும்.

இறுவட்டு என்பது ஒல்லாந்து தேசத்துப் பிலிப்ஸ் நிறுவனமும் யப்பானின் சோனி நிறுவனமும் கூடிப் பெற்ற பிள்ளை. பிலிப்ஸ் நிறுவனத்தார் 1979ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐந்தோவன் நகரிலே தமது மாதிரிக் கருவியைப் பத்திரிகையாளர் முன் இயக்கிக் காட்டினர். அதன் பின்னரே இரு நிறுவனங்களும் ஒன்று சேர்ந்து பொது விதிகளை வகுத்தன. ஒலியலையை ஒரு செக்கனுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் பதினாறு இரும இலக்கங்களில் எழுதுவது என்பது அவ்விதிகளுள் தலையாயது. இந்த 44,100 என்ற எண் எங்கிருந்து வந்தது? அந்நாளில் எண்வடிவ ஒலியைத் தொலைக்காட்சிப் பதிவு நாடாவிலேயே சேமித்தனர். படத்தின் ஒரு கோட்டுக்கு மூன்று அளவுகள், ஒரு புலத்துக்கு 245 கோடுகள், செக்கனுக்கு 60 புலங்கள். பெருக்கிப் பாருங்கள், விடை கிடைக்கும்.

பதினாறு இலக்கம் என்பதிலேதான் முதற் பிணக்கு எழுந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தார் பதினான்கு இலக்கம் போதும் என்றனர். அவர்களிடம் அப்போது ஆயத்தமாக இருந்த மாற்றி, அதாவது எண்ணை மீண்டும் மின்னலையாக்கும் சில்லு, பதினான்கு இலக்கத்தது. சோனி நிறுவனத்தார் பதினாறிலிருந்து இறங்க மறுத்தனர், சோனி வென்றது. 1982 ஒக்ரோபர் முதலாம் நாள் யப்பானில் சோனியின் சீ.டீ.பி. 101 விற்பனைக்கு வந்தது. அதன் விலை 168,000 யென்.

தோற்ற பிலிப்ஸ் நிறுவனத்தார் என் செய்தனர்? கையிலிருந்த பதினான்கு இலக்க மாற்றியையே, ஒரு செக்கனுக்கு 44,100 என்ற கணக்கை நான்கால் பெருக்கி 176,400 என்ற வேகத்தில் ஓட்டினர். கணக்கீட்டில் எழும் பிழையைச் செவிக்கெட்டாத உயர் மீடிறனுக்குத் தள்ளிவிட்டனர். இதனால் பதினான்கு இலக்கம் பதினாறின் வேலையைச் செய்தது. அதனினும் பெரிய நன்மை வேறொன்று. எண்ணை அலையாக்கும்போது 20,000 ஹேட்சுக்கு மேலே வேண்டாத நிழல்கள் எழும். அவற்றை வடிகட்ட வேண்டும். சோனியின் கருவி மதிற்சுவர் போலச் செங்குத்தான வடிகட்டியை நம்பியிருந்தது. பிலிப்சின் முறையில் நிழல்கள் வெகுதூரம் விலகிவிட்டமையால் மென்மையான வடிகட்டியே போதுமாயிற்று. மேலும் சோனியின் முதற் கருவியில் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாற்றி ஒன்றே. அது மாறி மாறி இரு பக்கத்துக்கும் உழைத்தது. எனவே ஒரு பக்கம் மற்றையதற்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் பதினொரு பங்களவு பிந்திற்று. தோல்வியின் நெருக்கடியிற் பிறந்த வழி வென்றவரின் வழியிலும் நேர்த்தியாக அமைந்தது என்பது என் துணிபு.

இந்தப் பிலிப்ஸ் கருவிகளே உறுப்பு மாற்றுவோரின் முதற் களமாயின. 1980களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் மெரிடியன் நிறுவனம், பொப் ஸ்ருவாட் என்பாரின் பொறியியல் அறிவைக் கொண்டு, பிலிப்ஸ் கருவியொன்றையே எடுத்து அதன் மின்சுற்றுக்களைச் சீர்செய்து தன் பெயரில் விற்றது. 1990களில் மரான்ஸ் நிறுவனத்தின் கென் இஷிவாதா இதனை ஒரு கலையாகவே வளர்த்தார். சாதாரண விலைக் கருவியாகிய சீ.டீ. 63இன் உள்ளே வளைய வடிவ மின்மாற்றி, தேர்ந்தெடுத்த கொள்ளளவிகள், செம்பு பூசிய அடித்தட்டு என்பவற்றை அமைத்துத் தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பொறித்து வெளியிட்டார். அவர் 2019இல் மறையும் வரையில் அவ்வெழுத்துக்களுக்குத் தனி மதிப்பிருந்தது. நிறுவனம் செய்வதை நாமும் செய்யலாமே என்று வீட்டு மேசையில் ஈயம் உருக்கும் கோலை எடுத்தவர் பலர்.

அவர்கள் மாற்றியவை எவை? முதலாவது, மின்பகுப்புக் கொள்ளளவி. சிறு தகரக் குவளை போன்ற இதனுள்ளே ஈரமான மின்பகுபொருள் உண்டு. கருவியின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது அந்த ஈரம் வற்றும், கொள்ளளவு குறையும், உட்தடை ஏறும். வெப்பநிலை பத்துப் பாகை குறைந்தால் இதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியியலாளர் கைக்கணக்கு. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அந்தக் கணக்கு நமக்கு எதிராகவே ஓடுகின்றது. இரண்டாவது, செயற்பாட்டு விரியலாக்கி. எட்டுக் கால்களையுடைய கரிய பூச்சி போன்ற சில்லு இது. பல கருவிகளில் இருந்தது என்.ஈ. 5532 என்னும் இனம். அதனைப் பிடுங்கி, அதனிலும் விரைவானதும் விலை கூடியதுமான ஒன்றைச் செருகினர். மூன்றாவது, காலம் காட்டும் பளிங்கு. பிலிப்ஸ் கருவிகள் பலவற்றில் அது செக்கனுக்கு 11,289,600 முறை துடிக்கும்; 44,100ஐ 256ஆற் பெருக்கினால் வருவது இதுவே. துடிப்பு ஒழுங்கு தவறினால் அலையும் திரியும் என்பதால் மேலும் துல்லியமான பளிங்கை நாடினர்.

விந்தை ஒன்று கேளுங்கள். 1990களின் பிற்பகுதியில் றியோஹே குசுனோக்கி என்ற யப்பானியர், பிலிப்ஸ் பெருமையோடு புகுத்திய நான்மடங்கு முறையும் வேண்டாம், எண்வடிவ வடிகட்டியும் வேண்டாம் என்றெழுதினார். அதனைப் படித்தோர் தம் கருவிகளிலிருந்து அச்சில்லைக் கழற்றினர். ஒரு தலைமுறை சேர்த்ததை அடுத்த தலைமுறை கழற்றுவதும், இரு சாராரும் இசை இப்போதே உயிர்பெற்றது என்று மகிழ்வதும் வரலாற்று மாணவனைச் சிந்திக்க வைப்பன.

என்.ஈ. 5532 பற்றியும் ஒரு சொல். அந்தச் சில்லு ஒலிப்பதிவுக் கூடங்களின் கலவை மேசைகளிற் கணக்கின்றிப் பொருத்தப்பட்டது. அவ்வாறாயின், நாம் கேட்கும் பாடல்களுட் பல நம் வீட்டை அடையுமுன்பே அவ்வினத்துச் சில்லுக்கள் பலவற்றினூடாக வந்தவை. கடைசியில் இருக்கும் ஒன்றை மாற்றுவதால் மாசெல்லாம் நீங்கும் என்பது, ஆற்று நீரைக் குவளையில் வடிகட்டி ஆற்றையே தெளிவித்தோம் என்பது போலாகும். விரைவான சில்லைத் தக்க துணைக் கொள்ளளவியின்றிச் செருகினால், செவிக்கெட்டாத மீடிறனில் அது தானே அதிர்ந்து சூடேறுவதும் உண்டு.

இனி எமது பாடசாலைக் கதை. ஆங்கிலப் பாடத்துக்கும் ஒளிவிழாவுக்குமென ஒரே வகைக் கருவிகள் இரண்டு எம்மிடம் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஓயாது ரீங்காரமிடத் தொடங்கின. இரண்டையும் கழித்துவிடலாம் என்றே எண்ணினேன். ஆனால் எம் சங்கீத ஆசிரியை ஒருவர், காலமாவதற்கு முன் மாணவியரைக் கொண்டு பாடுவித்துப் பதிந்த இறுவட்டு ஒன்று அலுமாரியில் இருந்தது. ஒளிவிழாவில் அதனை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று பழைய மாணவியர் கேட்டனர். சந்தைக்கருகில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவரை அழைத்தேன். அவர் மூடியைத் திறந்ததும் மின்வழங்கிப் பகுதியிலே தலை வீங்கிய கொள்ளளவிகளைக் காட்டினார். சில நூறு ரூபாயில் இரு கருவிகளுக்கும் அவற்றை மாற்றினார். ரீங்காரம் நின்றது.

அவ்வளவோடு நின்றிருக்கலாம். நானோ புத்தகம் படித்த துணிவில், ஒரு கருவிக்கு மட்டும் விலை கூடிய விரியலாக்கியையும் பொருத்துவித்தேன். அந்தச் செலவு என் சொந்தப் பணம். பாடசாலைக் கணக்கில் அதற்கு இடமில்லை. அன்று மாலை அது பன்மடங்கு இனிமையாக ஒலித்ததாகவே எனக்குத் தோன்றிற்று. மறுநாள் இப்போதைய சங்கீத ஆசிரியையை அழைத்து, ஒலியளவைச் சமமாக்கி, திரைக்குப் பின்னே இரு கருவிகளையும் மாற்றி மாற்றி இயக்கினோம். அவராலும் பிரித்தறிய முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு சரியாகச் சொல்லியிருப்போம்.

எமக்கு நேர்ந்தது புதுமையன்று. அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதியில் மேயர், மொறான் என்னும் இருவர், இறுவட்டிலும் உயர்ந்த தரமுடைய ஒலியை இறுவட்டின் தரத்துக்குக் குறைத்தும் குறைக்காமலும் மாற்றிப் பலரைக் கேட்கச் செய்து, முடிவை 2007இல் வெளியிட்டனர். 554 முறையில் 276 முறையே விடை சரி, ஏறக்குறையச் சரிபாதி. அவர்கள் பயன்படுத்திய தட்டுக்களுட் சில உண்மையில் உயர்தரப் பதிவுகள்தாமா என்று வினவியோரும் உண்டு. அந்த வினா நியாயமானதே. எனினும் ஈயக்கோலை எடுக்குமுன் ஒவ்வொருவரும் அந்த எண்களை ஒருமுறை பார்ப்பது நன்று. உறுப்பை மாற்ற ஒரு மணி நேரமாவது செல்கின்றது. ஒரு மணி நேரத்துக்கு முன் கேட்ட ஒலியின் நுண்மையை நினைவிலிருத்தி ஒப்பிட வல்ல செவி எனக்கு வாய்க்கவில்லை.

ஒளிவிழாவில், கொள்ளளவி மட்டும் மாற்றிய கருவியிலேயே அந்த இறுவட்டை இட்டோம். முன்பு ரீங்காரத்தில் மூழ்கியிருந்த ஒன்று அன்று கேட்டது. இரண்டாம் பாட்டுத் தொடங்குமுன், ஆர்மோனியத் துருத்தியின் மூச்சும், அதன் மேலே, தாளம் பிழைக்க வேண்டாம் பிள்ளைகள் என்று அந்த ஆசிரியை தாழ்ந்த குரலிற் சொல்வதும்.