கீழே விழுந்த ஒரு சாவணம்

பிளேக் பற்றீரியாவைக் கையாளும் ஆய்வுகூடம் என்றாலே நமக்குப் பயம். ஆனால் இந்திய வரலாற்றில் அப்படியொரு ஆய்வுகூடத்தின் மீது பழி விழக் காரணமானது பிளேக் கிருமி அல்ல, தரையில் கிடந்த மண்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, வால்டமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி அங்கு வந்து ஆய்வைத் தொடங்கினார். இறைச்சிச் சாற்றில் சில துளி நெய் விட்டு அந்தக் கிருமியை வளர்த்தார். பிறகு வெப்பத்தால் அதைக் கொன்று தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10ஆம் திகதி முதல் ஊசியைத் தனக்கே ஏற்றிக்கொண்டார்.

1902 ஒக்டோபர் 30ஆம் திகதி பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு அந்த ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் ஏற்புவலியால் இறந்தார்கள். 19 பேருக்கும் மருந்து ஒரே போத்தலில் இருந்துதான் எடுக்கப்பட்டிருந்தது. அதன் இலக்கம் 53என்.

மருந்தில் காபோலிக் அமிலம் சேர்ப்பதை ஆய்வுகூடம் கைவிட்டதுதான் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. ஹாஃப்கின் பதவியை இழந்தார்.

ஆனால் அன்று கிராமத்தில் நடந்தது வேறு. போத்தலின் தக்கையை எடுக்க வைத்திருந்த சாவணம் கைதவறித் தரையில் விழுந்தது. உதவியாளர் அதைச் சுடரில் காட்டவில்லை. காபோலிக் நீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தினார். ஏற்புவலிக் கிருமி மண்ணில் வித்தியாக உறங்கிக் கிடக்கும். அவசரமாக அலசினால் அது சாகாது.

போத்தலைத் திறந்தபோது கெட்ட வாடை எதுவும் வரவில்லை என்பதும் பதிவாகியிருந்தது. பம்பாயிலேயே கிருமி புகுந்திருந்தால், அத்தனை நாளில் அது பெருகி நாறியிருக்கும். மலேரியா ஆய்வில் பெயர்பெற்ற ரொனால்ட் ரோஸ் முதலானவர்கள் இதையெல்லாம் எடுத்துக்காட்டி வாதாடிய பிறகே, 1907இல் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. 1925இல் அந்த ஆய்வுகூடத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

மருத்துவ ஆய்வுகூடத் தொழிலுக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் போகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: கீழே விழுந்த கருவி சுத்தமான கருவி அல்ல, யாரும் பார்க்காவிட்டாலும். போத்தலின் இலக்கத்தை எழுதி வைப்பதும் வெறும் எழுத்து வேலை அல்ல. உண்மையைத் தேடிப்போக அதுதான் வழி.

நமக்கும் ஒன்று உண்டு. ஒரு மரணச் செய்தி கேட்டதும் தடுப்பூசியைக் குற்றம் சொல்லிப் பகிர ஒரு நிமிடம் போதும். முல்கோவாலில் உண்மை வெளிவர ஐந்து வருடம் எடுத்தது.