சிக்கன விளக்கு

நம் சபையில் ஐம்பது வயதை ஒட்டியவர்களில், யாழ்ப்பாணத்தில் படித்த யாரிடமாவது "சிக்கன விளக்கு" என்று சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு கைகளாலும் ஒரு போத்தலின் உருவத்தைக் காற்றில் காட்டத் தொடங்குவார்கள். கிரவீனில் பிறந்து வளர்ந்த வாலிபரில் பலர் அந்தச் சொல்லையே கேட்டிருக்க மாட்டீர்கள். காலியான ஜாம் போத்தலை எறிய அம்மா விடுவதில்லை என்பதும், ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் அப்பா எழுந்து வந்து அணைத்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவார் என்பதும் மட்டும் உங்களுக்குத் தெரியும். சில வீடுகளில் இது கேலிக்குரிய விஷயம். சில வீடுகளில் சண்டைக்குரியதும்கூட. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைப்பார்கள். பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவார்கள். சைக்கிள் ரியூப்பின் வால்வில் இருக்கும் சிறிய உலோகக் குழாயைக் கழற்றி, அதற்குள் மெல்லிய திரி ஒன்றைச் செருகி, குழாய் போத்தலுக்குள்ளேயே நிற்கும்படி கம்பியால் பொருத்துவார்கள். சுடர் கண்ணாடிக்கு உள்ளேதான் எரியும். அதனால் காற்றுக்கு அணையாது, தனிச் சிமினியும் வேண்டாம். குழாய் ஒடுக்கமானது, திரி மெல்லியது. ஆகவே அது உறிஞ்சும் எண்ணெயும் குறைவு. எண்ணெயைப் பஞ்சு பிடித்து வைத்திருப்பதால் போத்தல் சரிந்தாலும் எண்ணெய் ஓடிப் பாயாது. தகர விளக்குச் சரிந்து பாய் பற்றி எரிந்த கதைகளைக் கேட்டவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

வெளிச்சம் எவ்வளவு என்று கேட்டால், திறந்து வைத்த கொப்பியின் ஒரு பக்கத்துக்குக் காணும். ஒரு விளக்கைச் சுற்றி இரண்டு மூன்று பிள்ளைகள் தலையோடு தலை முட்ட இருந்து படிப்பார்கள். காலையில் மூக்கைத் துடைத்தால் கரி வரும். இந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை சாதாரண தரமும் உயர்தரமும் எழுதியது. இன்று சிட்னியில் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் இருக்கும் சிலர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள்.

இப்படி ஒரு விளக்கு ஏன் தேவைப்பட்டது? 1990 ஜூன் மாதம் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. மின்சாரம் நின்றது. அரசாங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய், சவர்க்காரம் போன்றவை அருமையாயின. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பூநகரி வழியும் அடைபட்ட பிறகு, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடப்பதுதான் தெற்கே போய்வர எஞ்சிய வழி. அந்தப் படகுகள் தாக்கப்பட்டன. கடலிலேயே பலர் இறந்தார்கள். அப்படி உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த பொருள், வழியில் புலிகள் அறவிட்ட வரியும் சேர்ந்து, கொழும்பு விலையைப்போலப் பல மடங்குக்கு விற்றது. ஒரு போத்தல் மண்ணெண்ணெயை அளந்து ஊற்றும்போது வீட்டுக்காரியின் கை ஏன் நடுங்கியது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

விளக்கு மட்டுமல்ல. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெயில் பற்றாது என்பதால், ஊசி மருந்து ஏற்றும் சிறிஞ்சினால் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். போகும் வழியெல்லாம் வெள்ளைப் புகை. பற்றறி இல்லாத ஊரில் செய்தி கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பாடும். பிபிசி தமிழோசை வரும் நேரத்தில் சுற்றுபவர் களைத்தால் செய்தியும் மெல்ல மெல்ல மங்கும். அச்சுத்தாள் இல்லாதபோது உதயன் நாளிதழ் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கான கோடு போட்ட தாளில் வெளிவந்தது.

சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். பழத்தின் களியை உடுப்பில் தேய்த்துத் தோய்த்தால் அழுக்குப் போகும். ஒரே ஒரு பிரச்சினை: காயப்போட்ட சேலையில் பனம்பழ வாசம் பிடித்து மாடு வந்து சப்பும். அந்தக் காலத்தைப் பற்றி எந்த அன்ரியிடம் கேட்டாலும் தடையைப் பற்றிச் சொல்வதற்கு முன் மாட்டைப் பற்றித்தான் சொல்வார். துன்பத்தை நினைவில் வைத்திருக்க நம்மவர்களுக்கு ஒரு சிரிப்பு தேவைப்படுகிறது போலும்.

ஆனால் சிரிப்போடு விட்டுவிட எனக்கு மனமில்லை. அண்மைக் காலமாக இணையத்தில் இந்த விளக்கைத் "தமிழனின் கண்டுபிடிப்பு" என்று பெருமையாகப் பகிர்கிறார்கள். கெட்டித்தனம் உண்மைதான். அந்தக் கெட்டித்தனத்தை அந்த மக்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. மருந்துகள் தட்டுப்பட்டன. உரமும் எரிபொருளும் இல்லாமல் தோட்டக்காரர் நீர் இறைக்க முடியாமல் நின்றார்கள். சமத்துவமும் இருக்கவில்லை: வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீட்டில் விலை என்னவானாலும் எண்ணெய் வந்தது. அப்படி ஒருவரும் இல்லாத வீட்டில் சிக்கன விளக்கும் ஏழரை மணிக்கே அணைந்தது. சிக்கனத்தைப் புகழ்ந்து பேசுவது, பெரும்பாலும், வயிறு நிறைந்தவர்களுக்கு எளிதாக வருகிற காரியம்.

எலிசாவின் நாட்களில் ஒரு விதவையின் வீட்டில் எண்ணெய் பெருகியதை 2 இராஜாக்கள் 4 ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அற்புதத்துக்கு முன் அவளுக்குக் கிடைத்த கட்டளையை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அயலவர்களிடம் போய் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார் தீர்க்கதரிசி. யாழ்ப்பாணத்து வீடுகளில் எண்ணெய் பெருகவில்லை. இரவல் மட்டும் நடந்தது. நெருப்புக்குச்சியை மிச்சம்பிடிக்க அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்து வந்தார்கள். விளக்கு எரியும் வீட்டுக்கு விளக்கில்லாத வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தோடு போனார்கள். ஒரு குப்பி எண்ணெயில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் படிப்பது, கணக்குப் போட்டுப் பார்த்தாலும், அந்தப் போத்தலைவிடப் பெரிய சிக்கனம்.

அளந்து வாழும் பழக்கம் 1990 இல் திடீரென்று வந்ததும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது, பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையில் பங்கீடு வந்தது. "கூப்பன்" என்ற சொல் நம் பாட்டிமாரின் பேச்சில் அப்போது புகுந்தது. போர் முடிந்தும் கூப்பன் போகவில்லை. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 இல் நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசியின் விலை ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பியது! 1970களின் நடுவில் விடியுமுன்பே எழுந்து பாணுக்கு வரிசையில் நின்றதைச் சொல்லாத அப்பப்பா இல்லை. விசித்திரம் என்னவென்றால், அதே காலத்தில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்றதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கையில் காசு புரண்டது. தட்டுப்பாடு எல்லாரையும் ஒரே மாதிரி வாட்டுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் சபைக் குடும்பங்களுக்கு இதே கதையில் வேறு சொற்கள் உண்டு: ரேஷன் கடை, பாமாயில், சீம எண்ணெய் வரிசை. மூலக்கதை ஒன்றுதான்.

இதெல்லாம் நம்மவரின் கதை, நாம் வந்து சேர்ந்த இந்த நாட்டுக்கு இப்படி ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறீர்களா? கிரவீனில் உங்கள் தெருவில் தொண்ணூறு வயது அவுஸ்திரேலியப் பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். இங்கே 1940 இல் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 இல் உடுப்பு, தேயிலை, சீனி. 1943 இல் பட்டர். 1944 இல் இறைச்சி. சீனி ஆளுக்கு வாரம் ஒரு இறாத்தல். பெற்றோல் போதாமல், கரியை எரித்து வரும் வாயுவில் கார் ஓட்டினார்கள். காரின் பின்புறத்தில் பெரிய கொதிகலம்போல ஒன்றைப் பூட்டிக்கொண்டு சிட்னித் தெருக்களில் போன அந்த வண்டிகளின் படங்களைப் பார்த்தால், நம் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வராமல் போகாது. தேயிலைக்கும் பட்டருக்கும் கூப்பன் 1950 வரை நீடித்தது.

அதற்கும் முன்னே, பெரும் பொருளாதார மந்த காலத்தில், 1931 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கச் சேமிப்பு வங்கி கதவைப் பூட்டியது. வயிற்றைக் கட்டிச் சேமித்தவர்கள் தங்கள் சொந்தக் காசை எடுக்க முடியாமல் நின்றார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அது கொமன்வெல்த் வங்கியோடு இணைந்தது. காசை நம்பாமல் நூல், பொத்தான், போத்தல், பழைய துணி என்று பொருளாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையினரிடம் சாகும்வரை இருந்ததை அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கேலி செய்திருக்கிறார்கள். நாம் நடந்துபோகும் தூரத்தில், பென்டில் ஹில்லில், 1923 இல் தொடங்கிய பொண்ட்ஸ் பஞ்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த குடும்பங்களும் இந்த இரண்டு காலங்களையும் இதே மேற்குப் புறநகரில்தான் கடந்தன.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர் சிட்னிக்கு அதிகமாக வரத் தொடங்கினார்கள். ஹோம்புஷ் பக்கத்தில் வாடகைக்கு இருந்தவர்கள், வீடு வாங்கும் காலம் வந்தபோது வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, கிரவீன் என்று மேற்கே நகர்ந்தார்கள். ரயில் இருந்தது, விலையும் கைக்கெட்டும் அளவில் இருந்தது. முன்னால் வந்தவர்களின் சிக்கனத்தைப் பின்னால் வந்தவர்கள் கஞ்சத்தனம் என்று நினைத்ததுண்டு. ஒரு வீட்டில் மூன்று குடும்பம், இரவு வேலை, ஞாயிற்றுக்கிழமைக் கறியை நீட்டிச் செவ்வாய்வரை சாப்பிடுவது, பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் சீட்டுக் கட்டுவது. அப்படி மிச்சம்பிடித்த டொலரில் ஒரு பங்கு யாழ்ப்பாணத்துக்குப் போனது. மேலே நான் சொன்ன, "விலை என்னவானாலும் எண்ணெய் வந்த" வீடுகளின் எண்ணெய்க் காசு இந்தப் பக்கத்து அடுப்படிகளில் சேர்ந்ததுதான்.

நம் திருச்சபைகளுக்கு இதில் ஒரு பழைய பழக்கமும் உண்டு. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டுவைத்து, ஊழியத்துக்கோ ஏழைகளுக்கோ கொடுக்கும் பிடியரிசி. யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் பெண்கள் தலைமுறைகளாகச் செய்தது. மிசோராம் சபையில் 1910 இல் தொடங்கி இன்றுவரை பெரிய ஊழியங்களையே அது தாங்குகிறது. இதில் எனக்குப் பிடித்தது, எடுக்கும் நேரம். சமைத்து மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. உலைக்குப் போகுமுன்பே எடுத்தார்கள், வீட்டுக்கு ஒரு பிடி குறைவாகவே வெந்தது. கூப்பன் காலத்திலும் இதை விடாத வீடுகள் இருந்தன.

1995 ஜனவரியில் சண்டை நின்று, தடையும் கொஞ்சம் தளர்ந்தது. ஏப்ரலில் மறுபடி போர். அக்டோபர் 30 ஆம் திகதி, மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். சைக்கிளில் ஏற்ற முடிந்ததை மட்டும் எடுத்தார்கள். சமையல் பாத்திரம், பிள்ளையின் சான்றிதழ்கள், அரிசி, பாய். தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மரங்களின் கீழும் தங்கினார்கள். பலருடைய சாமான் மூட்டையில் சிக்கன விளக்கும் இருந்தது.

இந்த விளக்கை ஊருக்கு ஊர் வேறு வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். சிலர் போத்தல் மூடியில் துளையிட்டார்கள், சிலர் மூடியே இல்லாமல் விட்டார்கள். சிலர் வால்வைக் கம்பியில் தொங்கவிட்டார்கள், சிலர் தகரத் துண்டில் நிறுத்தினார்கள். உங்கள் வீட்டில் செய்தவர் இருந்தால், ஒரு கடதாசியைக் கொடுத்து, அவர்கள் செய்த விதத்தை வரைந்து காட்டச் சொல்லுங்கள். திரிக்கு எந்தத் துணி, பஞ்சு எங்கே கிடைத்தது, ஒருமுறை ஊற்றினால் எத்தனை இரவு எரிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.