உர ஆலையில் பிறந்த கனநீர்

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்படிப் பிரியும்போது சாதாரண ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேறும். இரு மடங்கு எடையுள்ள ஹைட்ரஜன் வகையான டியூட்டீரியம் பின்தங்கித் தொட்டியிலேயே சேரும். இதைக் கண்டுகொள்ள 1930-கள் வரை ஆயிற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு யூரி 1931-இல் டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு எட்வர்டு வாஷ்பர்ன், நெடுநாள் மின்பகுப்பு நடந்துவந்த தொழிற்சாலைத் தொட்டிகளில் எஞ்சிய நீரைச் சோதித்தார். அதில் டியூட்டீரியம் கூடியிருந்தது. 1933-இல் பெர்க்லியில் கில்பர்ட் லூயிஸ் கிட்டத்தட்டத் தூய கனநீரையே, அதாவது டியூட்டீரியம் கொண்ட நீரையே, மின்பகுப்பால் எடுத்துக் காட்டினார். யாரும் பொருட்படுத்தாத மிச்ச நீரிலிருந்துதான் ஒரு தொழில் தொடங்கியது.

இயற்கை நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் டியூட்டீரியம். ஒரு டன் நீரைப் பிழிந்தாலும் 170 கிராம் அளவுக்குத்தான் கனநீர் தேறும். அதற்காகவே மின்சாரம் செலவிட்டால் கட்டுப்படியாகாது. வேறு காரணத்துக்காக ஹைட்ரஜனைக் கணக்கில்லாமல் தயாரிக்கும் இடம் வேண்டும்.

நார்வேயில் அப்படி ஓர் இடம் இருந்தது. ரியூகான் பள்ளத்தாக்கில், வேமோர்க்கில், 1911-இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் கட்டிய நீர்மின் நிலையம் அன்றைய உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அருவியின் விசையில் மின்சாரம், மின்சாரத்தில் உரம் என்பதே நிறுவனத்தின் திட்டம். 1920-களின் இறுதியில் அம்மோனியாவுக்கான ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்கும் பெரிய கூடம் மின் நிலையத்தின் முன்னால் எழுந்தது. டிரான்ட்ஹைமில் வேதியியல் கற்பித்த லெய்ஃப் டிரான்ஸ்டாடும் அவருடைய நண்பரும் ஆலைப் பொறியாளருமான யோமார் ப்ரூனும் சேர்ந்து, அந்தக் கூடத்தின் மிச்ச நீரை அடுத்தடுத்த கலங்களில் சுண்டவைத்துக் கனநீர் எடுக்கும் திட்டத்தைத் தந்தார்கள். 1934-இன் இறுதியில் உற்பத்தி தொடங்கியது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆய்வகத்தார்.

அணுக்கரு பிளக்கும் என்று தெரிந்ததும் நிலைமை தலைகீழானது. அணுக்கருவைப் பிளக்கும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கனநீர் உகந்தது. ஜெர்மானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று 1940-இன் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்த இருப்பான 185 கிலோவையும் ரகசியமாகக் கொண்டுபோனார்கள். ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது. 1941-இல் பிரிட்டனுக்குத் தப்பிய டிரான்ஸ்டாட், தான் உருவாக்கிய ஆலையைத் தகர்க்கத் தானே திட்டம் வகுக்கும் நிலைக்கு வந்தார். ப்ரூன் வேமோர்க்கிலேயே இருந்துகொண்டு கலங்களில் எண்ணெயைக் கலந்து நுரைக்கவைத்து வேலையைக் கெடுத்தார். பின்னர் அவரும் தப்பிச் சென்றார். ஆலையின் உள்ளமைப்பு லண்டனுக்கு அத்துபடியானது இப்படித்தான்.

1943 பிப்ரவரி 27 இரவு, ஒன்பது நார்வேக்காரர்கள் பனி உறைந்த மலையிடுக்கில் இறங்கி ஏறி ஆலையை அடைந்தார்கள். இருவர் மின்கம்பிகள் செல்லும் குழிவழியே தவழ்ந்து அடித்தளத்துக்குள் புகுந்தனர். கடைசிக்கட்டச் செறிவூட்டல் நடக்கும் 18 கலங்களும் அங்கேதான் வரிசையாக நின்றன. வெடிமருந்து வைத்துத் திரியைக் கொளுத்தப்போகும் நேரத்தில், காவலுக்கிருந்த நார்வேக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றார். போர்க்காலத்தில் இன்னொன்று கிடைப்பது அரிது. வந்தவர்கள் வேலையை நிறுத்தித் தேடிக் கொடுத்தார்கள். கலங்கள் சிதறின, ஏறக்குறைய 500 கிலோ கனநீர் வடிகாலில் ஓடியது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு நடந்தது அவ்வளவு எளிதில் ஆறக்கூடியதல்ல. மீதமிருந்த சரக்கை ஜெர்மனிக்கு ஏற்றிச் சென்ற ஹைட்ரோ என்ற படகு, 1944 பிப்ரவரி 20 அன்று டின் ஏரியில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் சென்ற நார்வே மக்கள் 14 பேரும் மாண்டார்கள். டிரான்ஸ்டாட் தாயகம் திரும்பிப் போரிட்டு 1945 மார்ச்சில் கொல்லப்பட்டார்.

படங்களும் புத்தகங்களும் இந்தச் சாகசத்தையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் 2015-இல் ரியூகானும் நூட்டோடன் நகரும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது நீர்மின்சாரத்துக்காகவும் உரத் தொழிலுக்காகவும்தான். கனநீரின் வரலாற்றுக்கும் அதுவே பொருத்தமான முகவரி.

இந்தியாவும் அதே வழியில்தான் போனது. நாட்டின் முதல் கனநீர் ஆலை 1962-இல் பஞ்சாபின் நங்கலில், பக்ரா அணை மின்சாரத்தில் இயங்கிய உர ஆலையோடு சேர்ந்து வந்தது. முதலில் மின்பகுப்பு, பிறகு ஹைட்ரஜனை மைனஸ் 250 டிகிரியை ஒட்டிக் குளிரவைத்துத் திரவமாக்கி வடித்தல். ஆண்டுக்கு 14 டன்னுக்கு அது போதுமானதாக இருந்தது. அணுமின் நிலையங்கள் பெருகியபோது மின்பகுப்பு கட்டுப்படியாகவில்லை. 1978-இல் தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலைக்கு அருகே இயங்கத் தொடங்கிய ஆலையில் வேறு உத்தி. உர ஆலைக்குச் செல்லவேண்டிய வாயுவை வழியில் மறித்து, திரவ அம்மோனியாவுடன் உறவாடவிட்டார்கள். டியூட்டீரியம் அம்மோனியாவுக்கு மாறிக்கொண்டது. அதை இழந்த வாயு உரம் செய்யத் திரும்பியது. உரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

மின்பகுப்போ உருகிய உப்பில் மறுபிறவி எடுத்தது. லித்தியம் ஹைட்ரைடில் ஹைட்ரஜன் எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும் என்று 1916-இலேயே கணித்தவர் அதே கில்பர்ட் லூயிஸ். அந்த ஹைட்ரைடை உருக்கி மின்சாரம் பாய்ச்சியபோது ஹைட்ரஜன் வழக்கத்துக்கு மாறாக நேர்மின்வாயில் வெளிவருவதை 1920-இல் குர்ட் மோர்ஸ் நிரூபித்தார். 1970-களில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் விக்டர் மரோனி குழுவினர் இதைப் பயனுக்குக் கொண்டுவர முயன்றனர். அணுக்கரு இணைவு உலையைச் சூழும் திரவ லித்தியத்தில் உண்டாகும் ட்ரிட்டியம் என்ற மூன்றாவது ஹைட்ரஜன் வகையை, உருகிய லித்தியம் உப்புகளோடு கலக்கி அவற்றுக்கு மாற்றி, பின் மின்சாரத்தால் வாயுவாக விடுவிப்பது அவர்கள் வழி. ஹைட்ரஜனின் மூன்று வகையும் சேர்ந்தே வெளிவரும். அவற்றைத் தனித்தனியாக்க நங்கலில் கண்ட குளிர் வடிப்பே தேவை.

மின்சாரம் விற்கும் இணைவு உலை இன்னும் எங்கும் எழவில்லை. ஆதலால் இந்த முறைக்கும் தொழிற்சாலை வாய்க்கவில்லை. இணைவு ஆய்வுகளுக்கான ட்ரிட்டியம் இன்றும் பெரும்பாலும் அணு உலைகளில் பயன்பட்ட கனநீரிலிருந்தே கிடைக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் பெரிய ஆலை கனடாவின் டார்லிங்டனில் இருக்கிறது.